சேதி சொல்ல வந்தவன்

ஏழுமலை இறந்துவிட்டான் என்பது எனக்குக் கைப்பேசியில்தான் தெரிந்தது. எங்கள் பாத்திரக்கடையில் ஒரு கல்யாண வீட்டார் சீர்வரிசைக்கு அண்டாவும் குத்துவிளக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் கல்லூரிக் குழுவில் அவன் படம் வந்து நின்றது. காவலர் உடுப்பில் எடுத்த படம், சுற்றிலும் பூ வேலைப்பாடு. பிறந்தநாள் போலிருக்கிறது என்று நினைத்து வாழ்த்து அனுப்ப விரலை வைத்துவிட்டேன். பிறகுதான் கீழே இருந்த வரியைப் படித்தேன். விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றானாம். வண்டியில் ஏற்றிப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

"இதுல இன்னும் கொஞ்சம் பெருசா இருக்குதாம்மா?" என்று அந்த அம்மாள் விளக்கைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். இருக்கிறது என்று சொல்லி எடுத்துக் கொடுத்தேன். துணியில் கட்டியும் கொடுத்தேன். அவர்கள் படியிறங்கிப் போன பின்பு அந்த வரியை மறுபடியும் படித்தேன்.

நம்மோடு படித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தலைமைக் காவலராக இருந்து மறைந்த ஒருவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எழுதிப் பார்த்தேன். அந்த 'அவர்' வேறு யாரோவாக இருந்தார். ஆகவே அவன் என்றே எழுதுகிறேன்.

கல்லூரியின் கடைசி வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். ஆங்கிலத்துறைக்குப் புதிதாக வந்திருந்த தேவராஜ் சார், பழைய கிரேக்கத் துன்பியல் நாடகம் ஒன்றைத் தமிழில் போடப்போவதாக அறிவித்தார். அதுவரை நாம் மேடையேற்றியதெல்லாம் ஆண்டுவிழாச் சிரிப்பு நாடகங்கள்தான். சார் கதையைச் சொன்னார். போரில் தோற்ற ஒரு நகரம். ஆண்கள் எல்லாரும் செத்துப்போனார்கள். மிஞ்சிய பெண்கள் கோட்டைக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜெயித்தவர்கள் அவர்களைப் பங்கு போட்டு அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்போகிறார்கள். கிழட்டு ராணி வேஷம் கௌரிக்கு. அவளுடைய மருமகள் வேஷம் எனக்கு. புருஷனைப் போரில் இழந்தவள், கையில் ஒரு குழந்தை. அந்தக் குழந்தை வளர்ந்தால் பழி வாங்கும் என்று பயந்து, கோட்டைச் சுவர் மேலிருந்து அதைத் தள்ளிவிட ஜெயித்தவர்கள் முடிவு செய்கிறார்கள். அந்த முடிவைத் தாயிடம் சொல்லி, குழந்தையை வாங்கிப்போக ஒரு சேவகன் வருகிறான். அந்தச் சேவகன் ஏழுமலை.

செஞ்சியில் பிறந்தவர்களுக்குக் கோட்டைச் சுவர் என்றால் எவ்வளவு உயரம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. சார் அந்த இடத்தைச் சொன்னதும் எல்லாத் தலைகளும் ஜன்னல் பக்கம், ராஜகிரிக் கோட்டையைப் பார்த்துத் திரும்பியது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் பெரிய ரகளை. "தாலி ஏர்றதுக்கு முன்னாடியே தாலி அறுத்தவ வேஷமா? ஊரு இன்னா பேசும்?" என்று அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டாள். அப்போது எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நைனாதான், "படிக்கிற புள்ளைங்க, சாரு சொல்லிக் குடுக்கிறாரு, உடு" என்று சமாதானம் செய்தார். அம்மா உட்டாளே தவிர, ஒத்திகை முடிந்து வரும் ஒவ்வொரு மாலையும் என் முகத்தை ஒருமாதிரிப் பார்ப்பாள்.

ஏழுமலை தளவானூரிலிருந்து பஸ்ஸில் வருவான். வேர்க்கடலையும் நெல்லும் போடும் குடும்பம். அவன் குரல் பெரிய குரல். சேவகன் வசனத்தை முதல் நாள் அவன் சொன்னபோது மரத்திலிருந்த காக்கை பறந்துபோனது. "ஏழுமலை, அவன் கெட்டவன் இல்லப்பா. சொல்ல வந்தவன், அவ்வளவுதான்" என்றார் சார். ஏழுமலை யோசித்துவிட்டுக் கேட்டான்: "சார், மனசு கேக்காதவன் எதுக்கு சார் வரான்? ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வேற ஒருத்தன அனுப்பிட்டு இருக்கலாமே?"  சார் தெரியவில்லை என்றே சொன்னார்.

ஒத்திகைகளில் குழந்தைக்குப் பதிலாக ஒரு தலையணையை வைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஏழுமலை, "தலகாணிய புடுங்கிக்கினு போறதுக்கு எனக்கு அழுகையும் வரல, பேச்சும் வரல சார்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் தன் அக்காள் மகனைக் கூட்டிவந்துவிட்டான். பாபுவுக்கு அப்போது மூன்று வயது இருக்கலாம். அக்காளும் கூடவே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். பாபு என் மடியில் சமர்த்தாக இருந்தான். ஏழுமலை வந்து கையை நீட்டியதுதான் தாமதம், "மாமா!" என்று தாவி அவன் தோளில் ஏறிக்கொண்டு சிரித்தான். எத்தனை முறை செய்தாலும் அதே சிரிப்பு. சாருக்குக் கோபம் வந்துவிட்டது. "குழந்தை அழணும்பா. சிரிச்சா காட்சியே போச்சு."

"எதுக்கு சார் அழணும்? மாமன் தூக்கினா சிரிக்கத்தான் செய்வான். எங்க போறோம்னு அவனுக்கு இன்னா தெரியும்?" என்றான் ஏழுமலை.

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, சிரிக்கட்டும்" என்றார்.

நாடகம் நடந்த அன்று மாலை வெயில் மைதானத்தில் சாய்வாக விழுந்திருந்தது. மேடை கிடையாது. மண் தரை, பின்னால் மலை. ஊரிலிருந்தும் சிங்கவரத்திலிருந்தும் பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அம்மாவும் வந்திருந்தாள், முன் வரிசையில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு. நான் முடியை விரித்துப் போட்டு மண்ணில் உட்கார்ந்திருந்தேன். மடியில் பாபு.

ஏழுமலை மூங்கில் ஈட்டியோடு வந்து நின்றான். நின்றுகொண்டுதான் அவன் பேச வேண்டும். ஒரு பக்கத்துக்கு வசனம். அவன் பேசவில்லை. மறந்துவிட்டான் என்று பயந்து ஓரத்திலிருந்து சார் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தார். அவன் கேட்டுக்கொள்ளவில்லை. ஈட்டியைக் கீழே வைத்தான். என் எதிரில், என் கண்ணுக்கு நேராக, மண்ணில் உட்கார்ந்தான். பிறகு ஊர்ப் பேச்சில் மெல்லச் சொன்னான்:

"கொழந்தைய கேக்கறாங்கம்மா."

அவ்வளவுதான் சொன்னான். எனக்கு வசனம் இருந்தது. நீளமான வசனம், மனப்பாடமாகத் தெரிந்த வசனம். ஒன்றும் வரவில்லை. பாபுவை இறுக்கிக்கொண்டேன். அவனோ மாமனைப் பார்த்துவிட்டான். என் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். ஏழுமலை எழுந்து அவனைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு மலையைப் பார்த்து நடந்தான். யானை மேல் போகிறவன் போல "ஆன! ஆன!" என்று பாபு சிரித்துக் கத்துவது தேய்ந்து தேய்ந்து கேட்டது. கூட்டத்தில் பெண்கள் மடியிலிருந்த தங்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். நான் அன்று அழுதது நடிப்பில்லை. கௌரிக்கும் அப்படித்தான் என்று பின்னால் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எனக்குத் தலைக்கு வெந்நீர் ஊற்றினாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள்.  தலையைத் துவட்டும்போது, "அந்தச் சேவகன் வேஷம் கட்ன பையன் யாரு ஊட்டுப் புள்ள?" என்று கேட்டாள்.

பிறகு நாம் எல்லாரும் எங்கெங்கோ போனோம். எனக்குக் கடைத்தெருவிலேயே, ஒரு பாத்திரக்கடைக் குடும்பத்தில் கல்யாணம் ஆனது. ஏழுமலைக்குப் போலீஸ் வேலை கிடைத்தது. பல ஊர்களில் இருந்துவிட்டுச் செஞ்சிப் பக்கமே வந்து சேர்ந்தான். கல்யாணம் தளவானூரிலேயே, மனைவி ஜெயந்தி, ஒரு பெண் குழந்தை.

திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் இருக்கிற சாலையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விபத்து நடந்தால் வீட்டுக்குத் தகவல் சொல்வது காவலர்களின் வேலை. பெரும்பாலும் தொலைபேசியில் சொல்லிவிடுவார்கள். ஏழுமலை மட்டும் நேரில் போவான். தொண்டூரோ, மலைக்கு அந்தப் பக்கம் ஏதாவது குக்கிராமமோ, எதுவானாலும் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவான். தன் முறை இல்லாத நாட்களிலும் போவான் என்று அவனோடு வேலை பார்த்த ஒருவர் சொல்லியிருக்கிறார். ஒருநாள் கடைக்கு வந்தபோது நான் கேட்டேன்: "ஏன் ஏழுமல, இத ஏன் நீயே இழுத்துப் போட்டுக்கிற?"

"அன்னிக்கு சார்கிட்ட ஒரு கேள்வி கேட்டேனே, ஞாபகம் இருக்குதா? அவன் எதுக்கு வரான்னு. வேல செஞ்சப்புறம்தான் புரிஞ்சுது. வேற ஒருத்தன் போனா எப்டி சொல்வான்னு தெரியாதுல்ல. வாசல்ல நின்னு கத்திட்டு வந்துடுவான். அதான் அவனே வந்துட்டான்" என்றான்.

அதைச் சொன்னபோது என் கணவரும் பக்கத்தில்தான் இருந்தார். "உங்க வேல ரொம்ப கஷ்டம் சார்" என்று சொல்லி அவனுக்கு டீ வாங்கிவரச் சொன்னார்.

என் கணவர் திருவண்ணாமலைக்குச் சரக்கு பார்க்கப் போன ஒரு பகலில் ஏழுமலை கடைக்கு வந்தான். காக்கி உடுப்பில் இல்லை. சாதாரணச் சட்டை, வேட்டி. கடையில் இருந்த பையனிடம் எதையோ சொன்னான். அந்தப் பையன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே போனான். ஏழுமலை பாத்திரம் தேய்க்கிறவர்கள் உட்காரும் மணையை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தான்.

"சுமதி, ஒங்க வீட்டுக்காரர் பைக் மேல லாரி மோதிடுச்சு. உயிர் இல்ல. நான் பாத்துட்டுத்தான் வரேன்."

அடிபட்டிருக்கிறது, ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உடனே கிளம்பு என்றெல்லாம் அவன் சொல்லவில்லை. வழியெல்லாம் என்னை நம்ப வைத்துக் கூட்டிக்கொண்டு போகவில்லை. "பொய் சொல்ற" என்றேன். "இல்ல" என்றான். மறுபடியும் சொன்னேன். மறுபடியும் "இல்ல" என்றான், அதே குரலில். நான் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன் என்று பின்னால் மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கு அது நினைவில் இல்லை. அவன் எழுந்திருக்கவில்லை என்பதும், கொஞ்ச நேரம் கழித்து அவன் சொன்னதும்தான் நினைவில் இருக்கிறது.

"மொகத்த தொடச்சிட்டுத்தான் வந்தேன் சுமதி. நீ பாக்கலாம்."

நான் பார்த்தேன். பார்க்கிற மாதிரிதான் இருந்தது. அதற்காக அவனுக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. எந்த வார்த்தையில் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

துக்கத்துக்கு வந்த உறவுக்கார அம்மாள் ஒருத்தி, எல்லார் காதிலும் விழும்படி, "அன்னிக்கே நாடகத்துல தாலிய எறக்கி வெச்சா. வாயி சும்மா இருக்குமா, வேஷம் சும்மா இருக்குமா?" என்றாள். அம்மா என் பக்கத்தில்தான் இருந்தாள். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அத்தனை வருடம் அவள் மனதில் வைத்துப் பயந்துகொண்டிருந்ததை யாரோ வெளியே எடுத்துப் போட்டுவிட்டார்கள். பந்தலில் உட்கார்ந்திருந்த ஏழுமலை குரலை உயர்த்தாமல் சொன்னான்: "லாரிக்கு நாடகம்லாம் தெரியாதும்மா. குடிச்சிட்டு ஓட்டினான். நான்தான் அவன புடிச்சேன்."

அதற்கப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அம்மா அன்று அவனுக்குத் தன் கையால் மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கடையை நான் எடுத்து நடத்தத் தொடங்கிய பிறகு, பணிக்குப் போகும் வழியில் சில நாள் வண்டியை நிறுத்துவான். ஹெல்மெட்டைக் கழற்றமாட்டான். "சாப்டியா?" என்பான். "ஆச்சு" என்பேன். போய்விடுவான். எங்களுக்குள் என்ன என்று கடைத்தெருவில் சிலர் பேசியதும் உண்டு. அவர்களுக்குச் சொல்லக்கூடிய எதுவும் எங்களுக்குள் இல்லை. என் வாழ்க்கையின் மிக மோசமான பகலில் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவன் அவன். அதற்கு என்ன பெயர் வைப்பது? இப்போது அந்த நேரத்தில் தெருவில் பைக் சத்தம் கேட்டால் கை வேலை நின்றுவிடுகிறது. போகிறவர் வேறு யாரோ.

ஒருமுறை அவனிடம், "நீ அழுவியா ஏழுமல?" என்று கேட்டிருக்கிறேன். "சேதி சொல்றவன் அழுதா, கேக்கறவங்க இன்னா பண்ணுவாங்க?" என்று திருப்பிக் கேட்டான்.

நாடகத்தை மறுபடியும் போட வேண்டும் என்பது அவன் ஆசை. நம்மில் யாரைப் பார்த்தாலும் இதைப் பேசாமல் விடமாட்டான். "அப்ப நமக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா பேசினோம். இப்ப போட்டா நெஜமா பேசுவோம்" என்பான். பொங்கல் கழியட்டும் என்றோம். அறுவடை முடியட்டும், பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்றோம். கடைசியாகக் கௌரி மகளின் மஞ்சள் நீராட்டில் நாங்கள் சிலர் சேர்ந்து உட்கார்ந்திருந்தபோது அவன் திடீரென்று சொன்னான்: "இந்த வாட்டி சேவகன் வேஷம் எனக்கு வேணாம். கெழட்டு ராணி வேஷம் கட்றேன்."

எல்லாரும் சிரித்தோம். வழுக்கை விழுந்து, தொப்பை வைத்த ராணியை நினைத்துப் பாருங்கள். கௌரி, "எடுத்துக்கோப்பா, பொடவையும் நானே தரேன்" என்றாள். அவனும் கூடச் சிரித்துவிட்டு, இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"சேதி சொல்லிச் சொல்லி வாய் வலிக்குதும்மா. ஒரு தடவ அழற வேஷம் குடுங்களேன்."

அப்போதும் சிரிப்பு முழுதாக அடங்கியிருக்கவில்லை. அடுத்த பந்திக்கு ஆட்கள் வந்து நின்றார்கள்; எழுந்துவிட்டோம். அது நடந்து சில மாதங்கள்கூட ஆகவில்லை.

தளவானூரில் அவனைக் கிடத்தியிருந்த இடத்தில் உறவினர்களும் காவலர்களும் மட்டும் இருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். எந்தெந்த ஊரிலிருந்தோ, அவன் வீட்டாருக்கே யாரென்று தெரியாதவர்கள் வந்து நின்றார்கள். தொண்டூரிலிருந்து வந்த ஒரு பெண் என்னிடம், "எங்க பையன் சேதிய இவருதாங்க வந்து சொன்னாரு. சொல்லிட்டுப் போவல. ஜனங்க வந்து சேர்ற வரைக்கும் எங்கூட்டு வாசல்லயே உக்காந்திருந்தாரு. நான் ஏசினேன் அவர. மண்ண வாரி எறிஞ்சேன். தொடச்சிக்கினு உக்காந்திருந்தாரு" என்றாள். சொல்லும்போது அவள் கையால் தன் சேலையில் இல்லாத மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். பாபு வெளியூர் வேலையிலிருந்து வந்து, மாமனின் காலடியில் நின்றுகொண்டிருந்தான். எல்லாரையும்விட உயரமாக வளர்ந்திருக்கிறான்.

காரியம் முடிந்து கொஞ்ச நாள் ஆனதும், ஒரு மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு ஜெயந்தியைப் பார்க்கப் போனேன். அவளுக்கு அவன் நடித்தது தெரியும். எப்படி நடித்தான் என்று தெரியாது. சொன்னேன். ஈட்டியைக் கீழே வைத்ததைச் சொன்னேன், பாபு சிரித்ததைச் சொன்னேன். ராணி வேஷம் கேட்டதையும் சொன்னேன்.

 ஜெயந்தி சொன்னாள்: "எங்கிட்ட அதப் பத்தியெல்லாம் ஒண்ணும் சொல்லமாட்டாருக்கா. ஆனா எனக்குத் தெரிஞ்சிடும். சேதி சொல்ல எங்கனா போயிட்டு வந்தா ஊட்டுக்குள்ள வரமாட்டாரு. நேரா கெணத்துக் கொல்லிக்குப் போயி மோட்டார் போட்டுட்டு, தண்ணி கொட்ற எடத்துல தலைய குடுத்துக்கினு நிப்பாரு. கூப்ட்டா கேக்காது. அவ்ளோ சத்தம். கரெண்ட் போனாத்தான் வருவாரு. கண்ணு செவந்திருக்கும். தண்ணி பட்டுதுன்னுவாரு."

"நீ கேட்டதில்லையா?"

"கேப்பேங்களா? தண்ணின்னு சொன்னா தண்ணிதான்னு உட்டுட்டேன்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "போவணுமாக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். இருட்டும் வரைக்கும் அவளோடு உட்கார்ந்திருந்தேன்.  அப்படி உட்கார்ந்திருப்பதை நான் ஏழுமலையிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். அதை என்னோடு வைத்துக்கொள்கிறேன்.

நாடகத்தைப் போடலாமா என்று கௌரி கேட்டிருக்கிறாள். நீங்களும் சிலர் எழுதியிருக்கிறீர்கள். போடலாம். சேவகனாக யார் வேண்டுமானாலும் வரட்டும். கிழட்டு ராணி வேஷம் மட்டும் ஏழுமலையுடையது. அவன் கேட்டு வாங்கியது. ராணி உட்காரும் இடத்தைக் காலியாக விட்டு, அவள் பேச வேண்டிய இடங்களில் யாரும் பேச வேண்டாம். அந்த நேரம் முழுவதையும் அவன் அழுவதற்கு விட்டுவிடுவோம்.